முதுகு திறந்த கோட்டு

இது நடந்தது. இட்டுக்கட்டுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படி இட்டுக்கட்டியிருக்கலாம். ஹங்கேரியில் கிஷ்வார் என்ற ஊரின் நாடக அரங்கில், 1951 டிசம்பரில், அறுபது பேர் பார்க்க நடந்தது. நடுநிசியில் அல்ல. காலை பத்தரை மணிக்கு, மேடை விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தபோது.

இதைக் கேட்டு யாராவது சிரித்தால் ஹெர்மினா கோபப்படுவதில்லை. "அந்தக் கோட்டைப் போட்டுப் பாத்துட்டு வந்து சிரிங்க" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஹெர்மினா அந்த அரங்கில் உடைகளை வரைந்து தைக்க வைப்பவள். அங்கே போடுவது ஓபரெட்டா. பாட்டு, ஆட்டம், கேலி, காதல் எல்லாம் கலந்த இசை நாடகம். கதையில் தலைகால் இருக்காது. ஆனால் எந்த நூற்றாண்டில் நடக்கிறதோ அந்த நூற்றாண்டின் கழுத்துப்பட்டை உயரமும் பொத்தான் இடைவெளியும் பிசகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்பாள். "நாடகம் பொய் சொல்லலாம். பொத்தான் பொய் சொல்லக் கூடாது" என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை.

முதலில் அந்தக் கோட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம், புதுக் கம்யூனிஸ்ட் ஆட்சியில், பெரிய மாளிகைகளைக் காலிசெய்து, அங்கிருந்த துணிமணிகளை அரங்குகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு லாரி நிறையத் திரைச்சீலை, சால்வை, வேலைக்காரர் சீருடை என்று வந்து இறங்கியது. குவியலின் அடியில் இருந்தது கோட்டு. கருநீல வெல்வெட். மார்பு முழுக்க வெள்ளிக் கயிற்றுப் பின்னல். இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெட்டு, அசல். ஹெர்மினா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினாள். கீழ் ஓரத்திலிருந்து கழுத்துப்பட்டை வரை முதுகு ஒரே நேர்கோடாக வெட்டித் திறந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கிழிந்த துணி என்று தூர வைத்திருப்பார்கள். அவளுக்கும், ஆண்கள் உடை தைக்கும் டெஜோவுக்கும் அது அப்படித் தெரியவில்லை. மேடை உடைக்கு முதுகைத் திறந்து வைப்பது வழக்கம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நடிகன் உடை மாற்றியாக வேண்டும். பொத்தான் போட்டுக்கொண்டிருக்க முடியாது. முன்பக்கமாக இரண்டு கையையும் நுழைத்தால், பின்னால் நிற்பவர் கொக்கிகளை மாட்டித் தள்ளிவிடுவார்.

"மேடைக் கோட்டு, டெஜோ அண்ணே. அந்த மாளிகையில சொந்தமா நாடகம் போட்டிருக்காங்க."

டெஜோவுக்கு அறுபது வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெட்டின ஓரத்தை விரலால் தடவினார். "கொக்கி தைச்ச தடமே இல்லையேம்மா."

"நாடா வச்சுக் கட்டியிருப்பாங்க."

"நாடா தைச்ச தடமும் இல்ல."

"அப்ப ஒரு தடவைதான் போட்டிருப்பாங்க. நாடகம் ஊத்திக்கிச்சு."

டெஜோ உள்பக்கத்தைத் திருப்பினார். லைனிங் துணி முதுகுப் பக்கம் மட்டும் பழுப்பாகக் கறைபட்டு உளுத்திருந்தது. "ஒரு தடவைக்கு இவ்வளவு வேர்வையா? பாவம், ரொம்ப ஆடியிருக்கான்."

இருவரும் சிரித்தார்கள். லைனிங்கைப் பிய்த்து அடுப்பில் போட்டார்கள். புது லைனிங் வைத்து, முதுகில் பன்னிரண்டு கொக்கி தைத்து, தையல் பொம்மைக்கு மாட்டினார்கள். எட்ட நின்று பார்த்தால் அந்தக் காலத்துக் குதிரைப்படைத் தலைவன் ஒருவன் தலையில்லாமல் நிற்பது போலிருந்தது.

மறுநாள் காலை கொக்கிகள் எல்லாம் திறந்திருந்தன.

கோட்டின் கைகளும் தொங்கவில்லை. முழங்கையில் மடிந்து, வயிற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"டெஜோ அண்ணே, இந்த வயசுல விளையாட்டு வேணாம்."

"நானா? எனக்குக் கொக்கி கழட்ட வீட்டுல ஆள் இருக்கும்மா, இங்க வந்து ஏன் கழட்டப் போறேன்?"

ஹெர்மினா ஈரத்துணி போட்டுக் கைகளை நன்றாக இஸ்திரி போட்டாள். இருநூறு வருஷம் மடித்து வைத்த துணி மடிப்பை மறக்க நாளாகும் என்றாள். கொக்கிகளை மாட்டினாள். கைகளைப் பக்கவாட்டில் ஊசி குத்தி நிறுத்தினாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் அப்படியே. ஊசிகள் தரையில் கிடந்தன. கொக்கிகள் இந்த முறை திறந்திருக்கவில்லை. நிமிர்ந்திருந்தன. வளைந்த கம்பி ஒவ்வொன்றும் குண்டூசி மாதிரி நேராக.

டெஜோ தன் கோட்டுக்குள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அந்த வருஷம் வெளிப்படையாகப் போட முடியாது.

ஹெர்மினா புதுக் கொக்கிகள் தைத்தாள். தடித்த கம்பி. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. அடுப்பருகே ஸ்டூலைப் போட்டு, தேநீர்க் குவளையோடு பொம்மையின் முதுகைப் பார்த்து உட்கார்ந்தாள். ஐந்தரை மணி. வெளியே இருட்டிவிட்டது. கீழே வாத்தியக் குழு பழகிக்கொண்டிருந்தது கேட்டது. ஆக, ஊர் அடங்கிவிடவில்லை. தனிமையும் இல்லை. அதை அவள் எப்போதும் அழுத்திச் சொல்வாள்.

டிக்.

அடுப்பில் விறகு வெடித்தது என்று நினைத்தாள்.

டிக்.

கீழ்க் கொக்கி திறந்திருந்தது. அதற்கு மேலே இருந்ததும்.

டிக்... டிக்...

ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலே. காற்று இல்லை. கழுத்துப்பட்டைக் கொக்கி மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு அதுவும்...

டிக்.

கைகள் எழுந்தன. மெல்ல மடிந்து வயிற்றில் படிந்தன.

ஹெர்மினாவின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. சுட்டது. அந்தச் சூட்டில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து போனாள். பன்னிரண்டு கொக்கியையும் மறுபடி மாட்டினாள்.

"நீ திறந்தா நான் மூடுவேன்" என்றாள் முதுகைப் பார்த்து. "எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். அடுப்புச் சூட்டில் பழைய வெல்வெட் சுருங்கும். சுருங்கினால் இழுக்கும். இழுத்தால் கொக்கி கழலும். நல்ல விளக்கம்தான். வீடு வரை தாங்கியது.

கோட்டைப் போட வேண்டியவன் லோராண்ட். நாயகன் வேஷம். நல்ல கனத்த குரல். அவன் தகப்பனார் பழைய நிலப்பிரபு. அப்படிப்பட்ட குடும்பங்களை அந்த வருஷம் லாரியில் ஏற்றிக் கிழக்குச் சமவெளிப் பண்ணைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அரங்கில் வேலை இருந்த வரைக்கும் லோராண்டைத் தொட மாட்டார்கள். வேலை போனால் மறுவாரம் அவனும் அவன் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் லாரியில். இது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவனைத் தவிர.

"கோட்டு எந்தப் பிரபுவோடதுக்கா?" அளவு பார்க்க வந்தவன் கேட்டான். "எனக்குச் சொந்தக்காரரா இருந்தா சொல்லிடாதீங்க."

"கையை நீட்டுடா. வாயை இல்ல."

வலது கை சுலபமாகப் போயிற்று. இடது கை முழங்கையில் நின்றது.

"போக மாட்டேங்குதுக்கா."

"தாராளமா இருக்கு. தள்ளு."

"உள்ள ஏதோ இருக்கு."

டெஜோ கோட்டுக் கையின் மணிக்கட்டுப் பக்கமாகத் தன் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். "இப்பப் போகுதா?"

லோராண்ட் மெல்லக் கையை நுழைத்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"போகுது" என்றான். "இப்ப நகர்ந்து இடம் விட்டுச்சு."

ஹெர்மினா கொக்கிகளை மாட்டினாள். கடைசிக் கொக்கி விழுந்ததும் அவன் மூச்சு புகையாக வெளியே வந்தது. அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கும் டெஜோவுக்கும் மூச்சு புகையவில்லை. அவனுக்கு மட்டும்.

அவன் கைகள் எழுந்தன...

அவள் சட்டென்று கொக்கிகளைப் பிய்த்துக் கோட்டை உருவினாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இத நான் போடலக்கா" என்றான்.

அன்றே ஹெர்மினா அரங்கின் நிர்வாக இயக்குநரிடம் போனாள். தோழர் பிஹாரி அரங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் சர்க்கரை ஆலையில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"பிரபுக்களோட அசல் கோட்டை உழைப்பாளி மக்கள் மேடையில பாக்கப் போறாங்கன்னு பத்திரிகையில போட்டாச்சு, தோழர் ஹெர்மினா. இப்பக் கோட்டு பயமுறுத்துதுன்னு நான் மேல எழுதணுமா?"

"வேற கோட்டு தைச்சுத் தரேன். ரெண்டு ராத்திரி போதும்."

"அசல்னு போட்டாச்சே. லோராண்ட் போட மாட்டேன்னா அவன் வேணாம். போட வேற ஆள் இருக்கு."

"கொக்கி நிக்காது" என்றாள் அவள்.

"கொக்கி நிக்கலன்னா தைச்சு மூடுங்க" என்றார் அவர். "ஆள் மேலயே வச்சுத் தைங்க. இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா?"

லோராண்ட் போட்டுக்கொள்கிறேன் என்றான். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றும் சொன்னான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

வியாழக்கிழமை காலை முழு ஒத்திகை. ஒப்பனை, விளக்கு, வாத்தியக் குழு, எல்லாம். லோராண்ட் முதுகைக் காட்டி நின்றான். ஹெர்மினா மெழுகு நூலால் கீழிருந்து மேலே தைத்துக்கொண்டு போனாள். உடுத்தியிருக்கும்போதே துணியைத் தைத்தால் ஆளின் புத்தியையும் சேர்த்துத் தைத்துவிடுவோம் என்று அங்கே சொல்வார்கள். அதனால் தைத்து முடியும்வரை அந்த ஆள் ஒரு துண்டு நூலைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். டெஜோ நூல் கொடுத்தார். லோராண்ட் கடித்துக்கொண்டான். கழுத்துக்கு வரும் நேரத்தில் மேடையிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வந்துட்டேன்" என்றான்.

நூல் வாயிலிருந்து விழுந்தது. இன்னும் இரண்டு தையல் பாக்கி இருந்தது. டெஜோ குனிந்து நூலைத் தேடினார். அதற்குள் வாத்தியம் தொடங்கிவிட்டது. ஹெர்மினா அந்த இரண்டு தையலையும் போட்டு முடிச்சிட்டாள். அவன் போனான்.

அது புதுப் பாட்டு. வாத்தியக் குழுவின் தலைவர் அந்த நாடகத்துக்காகவே அந்த மாதம் எழுதியது. போருக்குப் போகும் தலைவன் ஒயின் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாடுவது. முதல் சரணத்தை லோராண்ட் அருமையாகப் பாடினான். மேடைக்கு எதிரே தோழர் பிஹாரி தலையாட்டி ரசித்தார்.

இடையிசை வந்தது. அதில் அவன் கோப்பையை உயர்த்த வேண்டும்.

கோப்பை கீழே விழுந்து உருண்டது.

கைகள் மடிந்தன.

அவன் முழங்காலை மடக்காமல், யாரோ தாங்கி இறக்குவதுபோல, மெல்லப் பின்பக்கமாகச் சாய்ந்து, மேடை நடுவில் மல்லாந்து படுத்தான். குதிகால்கள் சேர்ந்திருந்தன. கண் திறந்திருந்தது.

பாடகிகள் சிரித்தார்கள். ஒத்திகையில் அவன் இப்படிக் கோமாளித்தனம் செய்வது உண்டு. வாத்தியம் நிற்கவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கியது. பாடுகிறவன் இல்லாமல், வாத்தியம் மட்டும்.

ஹெர்மினா பக்கத்திரை மறைவில் நின்று அவன் மார்பைப் பார்த்தாள். வெள்ளிக் கயிறு மின்னியது.

அசையவில்லை.

இன்னும் பார்த்தாள்.

அசையவில்லை...

வெட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். வீட்டுச் செருப்பு, சுண்ணாம்புக் கோடு விழுந்த மேலங்கி.

"தோழர் ஹெர்மினா. ஒத்திகை நடக்குது" என்றார் பிஹாரி.

"நடக்கட்டும்."

அவனைப் புரட்டப் பார்த்தாள். முடியவில்லை. மெலிந்த பையன் அவன். இரண்டு ஆள் கனம் கனத்தான். தோளை முட்டுக்கொடுத்து நெம்பினாள். பாதி புரண்டான். கழுத்துப்பட்டைத் தையலில் கத்தரி முனையைச் செருகினாள்.

தையல் அறுந்தது. ஒன்று. இரண்டு.

மூன்றாவதை அறுக்கும்போது அவள் மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

லோராண்டின் இரண்டு கையும் அவன் வயிற்றின் மேல் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இது கோட்டுக்கு உள்ளேயிருந்து, வெல்வெட்டோடு சேர்த்துப் பிடித்தது. ஐந்து விரல். எலும்பு எலும்பாக.

ஐஸ் மாதிரி...

கத்தரி விழுந்தது.

அவள் பின்வாங்கவில்லை. பிடித்த கையை இழுக்கவும் இல்லை. இன்னும் குனிந்தாள். கழுத்துப்பட்டை அருகே வாயை வைத்தாள்.

"விடு" என்றாள். "இவன் என் ஆளு. உனக்குக் கோட்டுதானே வேணும், எடுத்துக்க. இவனைத் தர மாட்டேன்."

மிச்சத் தையலைப் பல்லால் கடித்தாள். மெழுகு நூல் உதட்டைக் கிழித்தது. கடித்து இழுத்தாள்.

சர்ர்ர்...

முதுகு கீழ்வரை திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குளிர் எழுந்து அவள் முகத்தில் அடித்து, மேலே விளக்குகளைக் கடந்து போனது. மூன்றாவது வரிசை விளக்கு இரண்டு வெடித்தன. வாத்தியம் நின்றது.

லோராண்ட் இழுத்து மூச்சு விட்டான். தண்ணீரிலிருந்து எடுத்தவன் விடுவது போல. பிறகு ஒரே வார்த்தை சொன்னான்.

"மூடாதீங்க."

தோழர் பிஹாரி மேடைக்கு ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் குரலை உயர்த்தினார். ஒத்திகையைக் குலைத்தது, அரங்கின் சொத்தைக் கிழித்தது, மூடநம்பிக்கை பரப்பியது என்று வரிசையாகச் சொன்னார். கோட்டை மறுபடி தைக்க வேண்டும். லோராண்ட் போட வேண்டும். இல்லை என்றால் இருவரும் போகலாம்.

ஹெர்மினா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். கோட்டைத் தரையிலிருந்து எடுத்து, இரண்டு தோளையும் பிடித்து, அவருக்கு முன்னால் விரித்தாள்.

"வெறும் துணிதானே தோழர். கையை நுழைங்க."

அறுபது பேர். எல்லோர் கண்ணும் அவர் கையில்.

"இதென்ன சிறுபிள்ளைத்தனம்" என்றார். ஆனால் அத்தனை பேர் பார்க்கப் பின்வாங்கவும் முடியாது. வலது கையை நுழைத்தார். முழங்கை வரை போனது. அங்கே நின்றது.

அவர் ஒரு நொடி அப்படியே நின்றார். யாரோ கைகுலுக்கினால் மனிதர் முகத்தில் தானாக வருமே ஒரு மரியாதைச் சிரிப்பு, அது அவர் முகத்தில் பாதி வந்தது. பிறகு போனது.

கையை உருவிக்கொண்டார். பையில் போட்டுக்கொண்டார்.

"கலர் சரியில்ல" என்றார். "விளக்குக்குக் கறுப்பாத் தெரியுது. வேற தைங்க."

அதே லாரியில் வந்த திரைச்சீலையை வெட்டி இரண்டு இரவில் புதுக் கோட்டு தைத்தார்கள். பத்திரிகை எழுதியது எழுதியபடியே இருந்தது, யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை லோராண்ட் பாடினான். வேலை போகவில்லை. லாரி வரவில்லை. பழைய கோட்டை முதுகு திறந்தபடியே துணிக்கிடங்கில் தொங்கவிட்டாள் ஹெர்மினா. அதன்பிறகு அது சும்மா இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் அவளே ஒருநாள் அடுப்புச் சூடு, வெல்வெட் சுருக்கம் என்று சமாதானம் ஆகியிருப்பாள்.

பிப்ரவரியில் ஒருவர் வந்தார். யெனோ என்று பெயர். அந்த மாளிகை இருந்த கிராமத்துத் தேவாலயத்தில் மணியடிப்பவர். கிஷ்வாரிலிருந்து அரை நாள் ரயில். புகையூட்டிய பன்றிக்கொழுப்பு ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கருநீலக் கோட்டு ஒண்ணு இங்க வந்துச்சாம்மா? பாதிரியார் கேட்டுட்டு வரச் சொன்னாரு. திருப்பிப் போடணுமாம்."

"எங்க போடணும்?"

"எடுத்த எடத்துலதான். மத்ததெல்லாம் அலமாரியில எடுத்தாங்க. இதைக் கீழ எடுத்தாங்க. கோயிலுக்கு அடியில அந்தக் குடும்பத்துக் கல்லறை அறை இருக்கு. வெள்ளி இருக்கும்னு சவப்பெட்டிகளைத் திறந்தாங்க." அவர் தொப்பியைத் திருகினார். "செத்தவங்க கை வளையாதும்மா. கோட்டு முதுகை நீளமா வெட்டித்தான் முன்பக்கமாப் போட்டு விடுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, துணி வேலை செய்யறவங்க."

ஹெர்மினா டெஜோவைப் பார்த்தாள். டெஜோ கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

அவள் கிடங்குக்குப் போய்க் கோட்டை எடுத்து வந்தாள். தோழர் பிஹாரியிடம் கேட்க வேண்டியதில்லை. கோட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் அறையை விட்டுப் போய்விடுவார்.

யெனோ கோணிப்பையை விரித்தார். பிறகு தயங்கினார்.

"இன்னொண்ணு கேக்கலாமாம்மா? இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?"

மெல்ல முனகினார். அடிக்குரலில், தப்பும் தவறுமாக. ஆனால் அதேதான். வாத்தியக் குழுவின் தலைவர் எழுதிய புதுப் பாட்டு. இரண்டாவது சரணம்.

"இதை எங்க கேட்டீங்க?"

"டிசம்பர்ல. பாதிரியார் வீட்டுல பன்னி அடிச்ச அன்னைக்கு. வியாழக்கிழமை. பத்து மணி அடிச்சுட்டு எறங்கி, படியைப் பெருக்கிட்டிருந்தேன். கீழ கல்லறை அறையிலேருந்து ஆம்பளைக் குரல். நல்ல கனத்த குரல். குஷியாப் பாடுது. பூட்டு போட்டபடி இருந்துச்சும்மா, சாவி என் இடுப்புல."

டெஜோ வெளிப்படையாகவே சிலுவைக் குறி போட்டார்.

"ரொம்ப நேரம் இல்ல. மூணாவது வரியில பட்டுனு நின்னுடுச்சு. ஏன்னா, ஒரு பொம்பளை அதட்டினா. அதுவும் உள்ளேருந்துதான். 'விடு, இவன் என் ஆளு'ன்னு."

அவர் ஹெர்மினாவை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்தே அவள் பேசும்போதெல்லாம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க குரல் மாதிரியே இருந்துச்சு."

ஹெர்மினா கோட்டை மடித்துக் கோணிக்குள் வைத்தாள். கோணி வாயை இறுக்கிக் கட்டினாள்.

"மாதிரி இல்ல" என்றாள். "என் குரல்தான். மறுபடி பாட்டு கேட்டா வந்து சொல்லுங்க. நானே அங்க வரேன்."